கல்லின் தகுதி

கல் என்னும் சொல்லைக் கேட்டவுடன் வன்மையும் வறட்சியுமே நம் நினைவுக்கு வருகின்றன. இரக்கம் அற்றவனைக் கல்நெஞ்சன் என்கிறோம். ஆகாத செயலைக் கல்லில் நார் உரிப்பது என்கிறோம். பாடம் பதியாத மாணவனைக் கல் என்றே சொல்லிவிடுகிறோம். ஆயினும், இவ்வுலகில் ஓடும் ஊர்திகளில் பெரும்பாலானவை கல்லுக்குள்ளிருந்து வந்த எண்ணெயால் ஓடுகின்றன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பெட்ரோலியம் என்ற பெயருக்கே கல்லெண்ணெய் என்பதுதான் பொருள். இலத்தீன் மொழியில் 'பெட்ரா' என்றால் பாறை. 'ஓலியம்' என்றால் எண்ணெய்.

எள்ளைக் கண்டால் எண்ணெய் உண்டு என்று துணியலாம். கல்லைக் கண்டு எவ்வாறு துணிவது? எல்லாக் கல்லிலும் எண்ணெய் இருப்பதில்லை. எண்ணெய் உள்ள கல்லெல்லாம் அதனை வெளியே விடுவதும் இல்லை. இது கொள்ளும், இது கொள்ளாது, இது கொடுக்கும், இது கொடுக்காது என்று கல்லின் தகுதியை ஆராய்ந்து கூறுவது ஒரு தனிக் கலை. அக்கலையை, என்னிடம் தமிழ் பயின்ற ஒருவரின் அருகில் மாணவனாய் அமர்ந்து, முதுமையில் நான் கேட்டேன். கேட்டபோது கல்லைப்பற்றி மட்டும் அன்றி, என்னைப்பற்றியும் ஒன்றை அறிந்தேன். இரண்டையும் இங்கே எழுதுகிறேன்.

நான் அரியலூர்ப் பக்கத்தில் பல ஆண்டுகள் தமிழாசிரியனாய் இருந்தவன். என்னைப் பயிற்றிய புலவர் பழைய முறையில் வந்தவர். நன்னூலை முதல் நூற்பா தொடங்கி இறுதிவரை ஒப்பிக்காதவனை அவர் மாணவன் என்றே கொள்ளமாட்டார். அம்முறையே நன்முறை என்று நானும் நம்பினேன். என் வகுப்பில் மனப்பாடம் ஒன்றே உரைகல். செய்யுளைத் தட்டுத் தடையின்றிச் சொல்பவன் பொன், சொல்லாதவன் பித்தளை.

அரியலூர், கல்லக்குடிப் பகுதி சுண்ணாம்புக்கல் நிறைந்த பகுதி. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அக்கடலில் வாழ்ந்த சிப்பிகளும் பவளங்களும் கல்லாகி, இன்றும் சுரங்கங்களில் கிடைக்கின்றன. அப்பகுதிச் சிறுவன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். பேச்சுக் குறைவு. ஒருநாள் அவனை எழுப்பிச் செய்யுள் ஒன்றைச் சொல்லச் சொன்னேன். முதல் அடிக்கு மேல் வரவில்லை. சட்டைப்பை புடைத்திருந்தது. "பையில் என்ன?" என்று கேட்டேன். கல்லாய்ப்போன சிப்பி ஒன்றை எடுத்துக் காட்டினான்.

"கையிலும் கல்; தலையிலும் கல்" என்றேன்.

வகுப்பு முழுவதும் சிரித்தது, அவன் சிரிக்கவில்லை. அதன்பின் அவனை நான் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டேன். கேட்டுப் பயன் இல்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆண்டுகள் பல சென்றன. உறவினர் வீட்டுத் திருமணத்தின்பொருட்டு நான் மும்பை நகருக்குச் சென்றிருந்தேன். என் வருகையை யார்மூலமோ அறிந்து, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் என்னைக் காண வந்தார். காலில் விழுந்து வணங்கிவிட்டுத் தம் பெயரைச் சொன்னார். அந்தச் சிறுவரே அவர். கல்லூரியில் நிலவியல் பயின்று, எண்ணெய் எடுக்கும் பணியில் சுண்ணாம்புப் பாறைகளை ஆராய்பவராய் உயர்ந்திருந்தார். இனி அவரை 'அவன்' என்று எழுத என் கை நாணுகிறது.

மறுநாள் தம் ஆய்வுக்கூடத்துக்கு என்னை அழைத்துச் சென்றார். நீண்ட கூடம், வரிசை வரிசையாகப் பெட்டிகள், பெட்டிகளில் உருளை உருளையாகக் கற்கள். பூமியைத் துளைக்கும்போது, உள்ளீடற்ற துரப்பணக் கருவியால் பாறையைச் சிதையாமல் வெட்டி மேலே கொண்டுவருவார்களாம். வாழைத்தண்டை அறுத்து அடுக்கினாற்போல் அவை கிடந்தன. மேசையின் மீது அவர் மூன்று கற்களை வைத்தார். "ஐயா, இவற்றுள் எண்ணெய்க்குத் தகுதியான கல் எது?" என்று கேட்டார்.

முதற்கல் சாம்பல் நிறத்தது, இறுகியது, குறுக்கே மயிரிழைபோல் ஒரு வெடிப்பு மட்டும் இருந்தது. இரண்டாம் கல் வெண்மையானது. கரும்பலகையில் எழுதும் சுண்ணக்கட்டிபோல் மழமழப்பாய், ஒரு துளையும் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது. மூன்றாம் கல்லில் கறையான் அரித்த மரம்போல் எங்கும் குழிகள். நான் தயங்காமல் மூன்றாவதைத் தொட்டேன். இத்தனைக் குழிகள் உள்ள கல்லில் எண்ணெய் தங்காமல் வேறு எதில் தங்கும்?

"தங்கும், ஐயா. ஆனால் வெளியே வராது. ஒவ்வொரு குழியும் கதவில்லாத அறை. முன்பு இங்கே சிப்பிகள் இருந்தன. அவை கரைந்து, அவற்றின் வடிவமே வெற்றிடமாய் நின்றுவிட்டது. ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு வழி இல்லை" என்றார்.

"அப்படியானால் எது தகுதியான கல்?"

"கண்ணால் பார்த்துச் சொல்ல என்னாலும் இயலாது, ஐயா."

இவ்விடையை நான் எதிர்பார்க்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் கல்லோடு பழகியவர், கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, பார்த்த அளவில் சொல்ல இயலாது என்கிறார். நானோ ஒரு செய்யுளைக் கொண்டு ஒரு சிறுவனின் தகுதியைச் சொல்லிவிட்டவன். வாய் திறவாமல் அவர் கூறியவற்றைக் கேட்கத் தொடங்கினேன்.

பாறைக்கு இரண்டு குணங்கள் வேண்டும் என்று அவர் தொடங்கினார். ஒன்று, எண்ணெயைத் தன்னுள் கொள்வதற்கு இடம். இதனைப் புரைமை என்பர். மற்றொன்று, கொண்டதை ஓடவிடுவதற்கு வழி. இதனை ஊடுருவுதிறன் என்பர். இடம் இருந்து வழி இல்லையேல் பயன் இல்லை. வழி இருந்து இடம் இல்லையேல் விரைவில் வற்றும்.

அதைக் கேட்டவுடன் நன்னூல் என் நினைவுக்கு வந்தது. ஆசிரியராகத் தகுதியற்றவர்க்குப் பவணந்தி முனிவர் கூறும் நான்கு உவமைகளுள் பருத்திக்குண்டிகையும் ஒன்று. குடுக்கை நிறையப் பஞ்சு அடைந்திருக்கும், வாயோ சிறிது. சிறிது சிறிதாக வருந்தித்தான் அதனை வெளியே எடுக்கவேண்டும். உள்ளே நிறைய இருந்தும் கொடுக்கமாட்டாத பாறைக்கு இதனினும் பொருத்தமான உவமை உண்டோ? இதனை நான் சொன்னபோது அவர் மகிழ்ந்து, "இனி என் இளைஞர்களுக்கு இதையே சொல்வேன்" என்றார்.

புரைமையை நூற்றுக்கு இத்தனைப் பங்கு என்று அளப்பர். ஊடுருவுதிறனை அளக்கும் அலகுக்கு 'டார்சி' என்று பெயர். ஹென்றி டார்சி என்பவர் பிரான்சு நாட்டுப் பொறியியலாளர். தீசோன் நகரத்துக்குக் குடிநீர் வழங்கும் பணியை ஏற்ற அவர், மணற்படுகை வழியே நீர் எவ்வாறு இறங்குகிறது என்று ஆய்ந்து, அதன் விதியை 1856-இல் வெளியிட்டார். குடிநீருக்காகக் கண்ட விதியே இன்று எண்ணெய்க்கும் வழிகாட்டுகிறது.

மணற்கல்லை மதிப்பிடுவதைவிடச் சுண்ணாம்புக்கல்லை மதிப்பிடுவது அரிது. காரணம், இரண்டின் பிறப்பும் வளர்ப்பும் வேறு. மணல் எங்கோ மலையில் பிறந்து, ஆற்றில் உருண்டு வந்து, படிந்து கல்லாகிறது. சுண்ணாம்புக்கல்லோ பெரும்பாலும் இருந்த இடத்திலேயே பிறப்பது. வெதுவெதுப்பான ஆழமற்ற கடலில் சிப்பிகளும், பவளங்களும், பாசிகளும் நீரில் கரைந்துள்ள சுண்ணத்தை எடுத்துத் தமக்கு ஓடும் கூடும் அமைத்துக்கொள்கின்றன. அவை மடிந்தபின் அவ்வோடுகள் குவிந்து பாறை ஆகின்றன. அலை மிகுந்த இடத்தில் மீன்முட்டைபோல் உருண்ட மணிகள் சேரும். அமைதியான இடத்தில் நுண்ணிய சேறு படியும்.

பிறந்தபின் அதன் வாழ்வு இன்னும் பல மாறுதல்களை உடையது. சுண்ணாம்பு எளிதில் கரையும் இயல்பினது. கடல் பின்வாங்கிப் பாறை வெளியே தெரியும்போது, மழைநீர் அதனைக் கரைத்துக் குழி செய்யும். கரைந்த சுண்ணமே வேறோர் இடத்தில் படிந்து, முன்பிருந்த துளைகளை அடைத்துவிடும். மக்னீசியம் கலந்த நீர் ஊடுருவினால் சுண்ணாம்புக்கல் 'டோலமைட்டு' என்னும் கல்லாக மாறும். அம்மாற்றத்தில் சில வேளை புதிய துளைகள் தோன்றும். (இக்கல்லின் பெயர், 18-ஆம் நூற்றாண்டில் அதனை ஆய்ந்த தொலொமியே என்னும் பிரெஞ்சு அறிஞரின் பெயரிலிருந்து வந்தது.) மேலிருக்கும் பாரத்தால் கல் நெரிந்து இறுகும், பூமி அசையும்போது வெடிக்கும். ஆகவே, ஒரே பாறையில் ஒரு முழத்தில் நல்ல துளையும் மறுமுழத்தில் இறுகிய கல்லும் இருக்கக்கூடும். ஒரே தாய்வயிற்றுப் பிள்ளைகள் வெவ்வேறு இயல்பினராய் வளர்வது போன்றதே இது.

இத்தகைய கல்லை எவ்வாறு ஆராய்கின்றனர்? அவர் ஒவ்வொன்றாய்க் காட்டினார்.

முதலில் அதன் பிறப்பை அறிகின்றனர். டன்ஹாம் என்ற அமெரிக்க அறிஞர் 1962-இல் இதற்கு ஓர் எளிய வகைப்பாட்டை வகுத்தார். கல்லில் சேறு உண்டா? சேற்றுக்குள் மணிகள் மிதக்கின்றனவா, மணிகள் ஒன்றையொன்று தாங்கி நிற்க இடையில் சேறு உள்ளதா, அல்லது சேறே இல்லையா? அன்றிப் பவளம் போன்ற உயிர்கள் உயிரோடிருக்கும்போதே பிணைத்த கல்லா? இவ்வினாக்களின் விடை, அக்கல் பிறந்த கடலின் நிலையைச் சொல்லிவிடும்.

பிறகு அதன் உள்ளமைப்பைக் காண்கின்றனர். கல்லின் துளைகளில் நீலநிறப் பசையை ஏற்றி, ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு தடிப்புக்குத் தேய்க்கின்றனர். அந்த அளவில் கல்லும் கண்ணாடிபோல் ஒளியை உட்புகவிடும். உருப்பெருக்கியின் வழியே நானும் பார்த்தேன். பழுப்பு நிறக் கல்லின் நடுவே நீலக் குளங்கள் தெரிந்தன. சில குளங்களை வாய்க்கால்கள் இணைத்தன. சில குளங்கள் தனியே கிடந்தன. கல்லின்மேல் நீர்த்த அமிலத்தை ஒரு துளி இட்டார். சுண்ணாம்புக்கல் சுர்ரென்று நுரைத்தது. டோலமைட்டுக் கல்லில் இட்ட துளி மெல்லவே நுரைத்தது. இரண்டையும் பிரித்தறிய இது பழைய வழி.

மூன்றாவதாக, அளவு காண்கின்றனர். கல்லிலிருந்து விரல்போல் ஒரு சிறு துண்டைத் துளைத்தெடுத்து, ஈலியம் என்னும் வாயுவைச் செலுத்தி, அது எவ்வளவு இடத்தில் நிறைகிறது என்பதால் புரைமையை அறிகின்றனர். மற்றொரு வாயுவை அழுத்தி ஓடவிட்டு, அது ஓடும் விரைவால் ஊடுருவுதிறனை அறிகின்றனர். பாதரசத்தை அழுத்திப் புகுத்தி, துளைகளை இணைக்கும் கழுத்துகள் எவ்வளவு குறுகியவை என்பதையும் அறிகின்றனர். ஆயினும், பெரிய குழிகளும் வெடிப்புகளும் உள்ள கல்லில் சிறு துண்டு ஏமாற்றிவிடும். குழி உள்ள இடத்தில் எடுத்தால் மிகுத்துக் காட்டும். இல்லாத இடத்தில் எடுத்தால் குறைத்துக் காட்டும். ஆதலால், அத்தகைய கல்லை உருளை முழுவதுமாகவே அளக்கவேண்டும்.

நான்காவதாக, கிணற்றுக்குள் கருவிகளை இறக்கி, பாறையை அது இருக்கும் இடத்திலேயே சோதிக்கின்றனர். அடர்த்தியை ஒரு கருவி அளக்கும். இதில் ஒரு சிறு கணக்கை அவர் எனக்குச் செய்து காட்டினார். துளையே இல்லாத சுண்ணாம்புக் கனிமம் ஒரு கனசென்டிமீட்டருக்கு 2.71 கிராம் நிறை உடையது. நீர் 1 கிராம். கருவி 2.37 என்று காட்டினால், குறைவு 0.34. கல்லுக்கும் நீருக்கும் உள்ள வேறுபாடு 1.71. முன்னதைப் பின்னதால் வகுத்தால், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு 20 துளை என்பது விளங்கும். ஆனால், அதே கல் டோலமைட்டாக இருந்தால், அதன் கனிம நிறை 2.87 ஆதலின், விடை நூற்றுக்கு 27 ஆகிவிடும். கருவி பொய் சொல்லவில்லை. இன்ன கல் என்று அறியாமல் கணக்கிட்டவனே பிழை செய்கிறான்.

துளையில் இருப்பது நீரா எண்ணெயா என்பதும் தெரியவேண்டும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், எண்ணெய் கடத்தாது. ஆகவே, பாறையின் மின்தடையை அளந்து, உள்ளே இருப்பதை உணர்கின்றனர். இதற்கான விதியை ஆர்ச்சி என்ற அமெரிக்கர் 1942-இல் வெளியிட்டார். அவ்விதி மணற்கல்லை ஆய்ந்து கண்டது. தனித்தனிக் குழிகள் உடைய சுண்ணாம்புக்கல்லில் அதனை அப்படியே இட்டுக் கணக்கிட்டால், நீரை எண்ணெய் என்று எண்ணி ஏமாற நேரும்.

இறுதியில், கிணற்றையே திறந்து ஓடவிட்டுச் சோதிக்கின்றனர். எவ்வளவு வருகிறது, அழுத்தம் எவ்வளவு குறைகிறது, மூடியபின் எவ்வளவு விரைவில் மீள்கிறது என்று பார்க்கின்றனர். கையளவுக் கல் சொல்லாத செய்தியை இச்சோதனை சொல்லும்.

"இவ்வளவில் எந்த ஒன்றை மட்டும் நம்பலாம்?" என்று கேட்டேன்.

"எந்த ஒன்றையும் தனியே நம்பலாகாது, ஐயா. ஒன்று சொல்வதை மற்றொன்று ஒப்புகிறதா என்று பார்க்கவேண்டும். ஒவ்வாதபோது கல்லைக் குறை கூறாமல், நம் கணக்கைத்தான் திரும்பப் பார்க்கவேண்டும்" என்றார்.

பின்பு, மேசைமேல் இருந்த கற்களின் கதையைச் சொன்னார். முதற்கல்லைப் போன்றது ஈரான் நாட்டு அசுமாரிச் சுண்ணாம்புக்கல். அதன் பெரும்பகுதி இறுகியது, துளைகள் குறைவு. ஆனால் மலைகள் மடிந்தெழுந்தபோது அது எங்கும் வெடித்தது. வெடிப்புகளே எண்ணெய்க்கு வாய்க்கால்கள் ஆயின. அந்நாட்டின் மசீது சுலைமான் என்னும் இடத்தில் 1908 மே மாதம் எண்ணெய் பீறிட்டு எழுந்தது அத்தகைய கல்லிலிருந்துதான். அங்கே எண்ணெய் தேட உரிமை பெற்றுப் பொருள் செலவிட்டவரின் பெயரும் டார்சி என்றே முடியும். அவர் வேறு, அலகுக்குப் பெயர் தந்தவர் வேறு.

இரண்டாவதைப் போன்றது வடகடலில், நார்வே நாட்டுக்கு உரிய எகோஃபிசுக்கு வயலின் சுண்ணக்கல். கண்ணுக்குத் தெரியாத கடற்பாசிகளின் நுண்தகடுகள் குவிந்தது அது. அதன் புரைமை சில இடங்களில் நூற்றுக்கு 30 முதல் 40 வரை உண்டு. துளைகளோ மிகமிக நுண்ணியவை. வெடிப்புகளின் உதவியால்தான் எண்ணெய் வருகிறது. 1969-இல் கண்டுபிடிக்கப்பட்ட அவ்வயலில் எண்ணெயை எடுக்க எடுக்க, மென்மையான அக்கல் நெரிந்து, கடலடித்தளமே கீழே இறங்கிற்று. 1984-இல் இதனை அறிந்தனர். 1987-இல் கடல்நடுவே நின்ற இரும்பு மேடைகளை ஆறு மீட்டர் உயர்த்தி அமைத்தனர். கொடுக்கும் கல்லும் எடுக்கும் அளவை அறிந்து எடுக்கவேண்டியதே போலும்!

மூன்றாவதைப் போன்ற குழிகள் ஒன்றோடொன்று இணைந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, நம் நாட்டு மும்பை ஹை வயலைக் காட்டினார். மும்பைக் கரையிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில், அரபிக்கடலின் அடியில் உள்ளது அது. 1974 பிப்ரவரியில் 'சாகர் சாம்ராட்' என்னும் துரப்பண மேடை அங்கே எண்ணெயைக் கண்டது. 1976-இல் எண்ணெய் எடுக்கத் தொடங்கினர். அங்குள்ள முதன்மையான எண்ணெய்ப்பாறை, மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். பழங்காலத்தில் நன்னீர் கரைத்த துளைகள் அதில் உள்ளன. ஆனால் அது ஒரே பாறையன்று. களிப்பாறை இடையிடையே பிரிக்க, அடுக்கடுக்காய் அமைந்தது. ஓர் அடுக்கு விரைந்து கொடுக்கும். அடுத்த அடுக்கு தயங்கும். எண்ணெயைத் தள்ளக் கடல்நீரைச் செலுத்தினால், நீர் எளிய வழி உள்ள அடுக்கிலேயே முந்தி ஓடிவிடும். தயங்கும் அடுக்கில் எண்ணெய் அப்படியே நின்றுவிடும். அதனை மீட்பதற்காகவே ஒவ்வோர் அடுக்கின் இயல்பையும் இன்றும் ஆராய்ந்துகொண்டிருக்கின்றனர்.

உலகில் அறியப்பட்ட எண்ணெய் இருப்பில் பாதிக்கும் மேற்பட்டது இத்தகைய சுண்ணாம்பு இனப் பாறைகளிலேயே இருப்பதாக மதிப்பிடுவர். 1948-இல் கண்டுபிடிக்கப்பட்ட சவுதி அரேபியாவின் கவார் வயல், ஏறத்தாழ 280 கிலோமீட்டர் நீளம் உடையது. அதன் பாறையும் சுண்ணாம்புக்கல்லே. எண்ணெயின் காலம் ஒருநாள் முடியலாம். அப்பொழுதும் இக்கலை வீண்போகாது. நிலத்தடி நீரைத் தேடுவதற்கும், காற்றைக் கெடுக்கும் கரிவாயுவை நிலத்தடியில் அடக்கிவைப்பதற்கும் பாறையின் கொள்ளும் தன்மையையும் கொடுக்கும் தன்மையையும் அறியத்தான் வேண்டும்.

மாலை ஆயிற்று. கற்களைப் பெட்டியில் திரும்ப அடுக்கிக்கொண்டே அவர் சொன்னார்: "ஐயா, என் பணியில் எனக்கு அச்சம் தருவது ஒன்றே. ஒரு பாறையை 'வறண்டது' என்று நான் எழுதிவிட்டால், அக்கிணற்றை மூடிவிடுவார்கள். நான் எழுதியது பிழையாக இருந்தாலும், அவ்விடத்தைப் பல ஆண்டுகளுக்கு யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆகவே, அச்சொல்லை எழுதுமுன் எல்லாச் சோதனைகளையும் மறுமுறை பார்ப்பேன்."

அவர் என்னை நினைத்து இதனைச் சொல்லவில்லை. தம் தொழிலைப்பற்றியே சொன்னார். ஆயினும், என் நெஞ்சு என்னைச் சுட்டது. நானும் ஒரு கிணற்றை மூடியவன் அல்லனோ? ஒரே ஒரு சோதனை செய்து, 'வறண்டது' என்று எழுதி, அதன்பின் திரும்பிப் பாராதவன் அல்லனோ?

"தம்பி, ஒருநாள் வகுப்பில் நான் உம்மைப்பற்றி ஒரு சொல் சொன்னேன். நினைவு இருக்கிறதா?" என்று கேட்டேன்.

இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். முதியவன் மனம் நோகாதிருக்கப் பலர் அவ்வாறுதான் சொல்வர். அவர் சிறிது நேரம் வாளா இருந்தார். பின்பு, "இருக்கிறது, ஐயா. நெடுநாள் வருத்தமாக இருந்தது. செய்யுள் எனக்குத் தெரியாமல் இல்லை. நீங்கள் எழுப்பி நிறுத்தியதும் வாய் அடைத்துக்கொண்டது. உள்ளே இருந்தது, வழிதான் இல்லை" என்றார்.

நான் அவர் கையைப் பற்றிக்கொண்டேன். "பிழை என்னுடையது" என்றேன். அதற்குமேல் சொல்ல என்னிடம் சொல் இல்லை. அவர் மறுக்கவும் இல்லை. என்னை வெறுக்கவும் இல்லை. பற்றிய கையை விடாமல் வாயில்வரை நடத்திவந்தார். வண்டியில் ஏறியபின், யாரும் கேளாமலே, அன்று நான் கேட்ட அதே செய்யுளை முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை மெல்லிய குரலில் ஒருமுறை சொன்னார். ஓர் எழுத்தும் பிழையில்லை.

ஊருக்குத் திரும்பியதும் திருக்குறளை எடுத்துத் 'தெரிந்துதெளிதல்' என்னும் அதிகாரத்தை மறுபடியும் படித்தேன். ஆராயாமல் தெளிவதும் குற்றம். தெளிந்தபின் ஐயுறுவதும் குற்றம் என்பதைப் பலமுறை பாடமாக நடத்தியவன் நான். நடத்தியது வேறு, அறிந்தது வேறு என்பதை அன்று உணர்ந்தேன்.

'கல்லுதல்' என்றால் தோண்டுதல் என்பது பொருள். கல்வி என்னும் சொல்லும் அவ்வேரிலிருந்தே வந்தது என்று எங்கள் புலவர் சொல்வார். தோண்டுவதற்கு முன்பே இங்கு ஒன்றும் இல்லை என்று சொல்பவன், கல்லையும் அறியான், கல்வியையும் அறியான். மாணவர்களே, நாளை நீங்களும் மனிதரை மதிப்பிடும் நிலையில் இருப்பீர்கள். அப்பொழுது ஒரு குறிப்பைக்கொண்டு முழு மனிதரையும் முடிவு செய்யாதீர்கள். வாய் திறவாத ஒருவரைக் கண்டால், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பதோடு நில்லாமல், அது வெளிவர வழி உண்டா என்றும் பாருங்கள். வழி இல்லையேல், வழி செய்வதும் நம் கடமையே.